பாதிப் பல்லுக்கு மூன்று அறிவிப்பு

மைக்கக்காவுக்குக் குரல் இரண்டு. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று பஸ் நிலையத்துக்கு. வீட்டுக் குரலை அவள் எடுத்தால் எதிர்வீட்டுக் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு விழிக்கும். நிலையத்துக் குரலில் பேசினாலோ, பஸ்ஸைத் தவறவிட்டவன்கூட, 'போனால் போகிறது, என்ன பதவிசாகச் சொல்கிறார்கள்' என்று பெட்டிமேல் சாய்ந்துகொள்வான். பஸ் தாமதமாக வரும், வராமலே போகும், வந்தாலும் நிற்காது என்பதையெல்லாம் தேன் தடவிச் சொல்வதற்காகவே நிர்வாகம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது.

அவளுக்கு முன்பு அந்த மைக்கில் இருந்தவர் ஓர் ஆண். அவர் "கவனிக்கவும்" என்று ஆரம்பித்தாலே எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஜனம் குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடியது. அப்படி ஓடிய ஒருவர் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட பிறகு, டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த இவளைக் கூப்பிட்டு ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அன்றைக்கு அறிவிப்பு அறைக்கு ஏறிய இரும்புப் படிக்கட்டுதான். அம்மா அப்பா வைத்த பெயர் கீழேயே நின்றுவிட்டது, மைக்கக்கா மட்டும் மேலே போனாள். அவளைவிட மூத்த ஓட்டுநர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்காரரே ஒருமுறை ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது வாய் தவறி "மைக்கக்கா வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டதைத் திருத்தாமல் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குக் காது மந்தம். ஊருக்கே கேட்கிற குரல் தன் வீட்டுக்குள் எடுபடவில்லையே என்று அவளுக்கு வருத்தம் உண்டு. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அவளுடைய அறை, கவுண்ட்டர்களின் தலைக்குமேல் ஒரு கண்ணாடிக் கூண்டு. மின்விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல் கேட்கும் என்பதால், பேசும்போது அதை நிறுத்தவேண்டும். ஆகவே பயணிகள் கேட்ட அந்தக் குளுகுளு குரல் அத்தனையும் வியர்வையில் நனைந்து வந்தது. மூச்சுக்காற்று படாமல் இருக்க மைக்கின் தலையில் ஒரு பழைய கைக்குட்டையைக் கட்டியிருந்தாள். பல்வலிக்காரன் மாதிரி அது எப்போதும் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் எதிரே நிற்கும்.

கூண்டின் மூன்று பக்கமும் கண்ணாடி. முன்னால் நடைமேடைகள், பக்கவாட்டில் மேனேஜர் அறைக் கதவு. பின்னால் ஓட்டுநர்களின் ஓய்வறையும் அதன் முதுகில் ஒரு தண்ணீர்க் குழாயும். எல்லாம் தெரியும். எல்லாம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதையும் பார்க்காமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். மைக்கக்கா அதில் கரைகண்டவள்.

கூண்டின் மூலையில் ஒரு பீரோ. அதற்குள் தவறவிட்ட பொருள்கள். குடைகள், ஒற்றைச் செருப்பு, யாரோ ஒரு ஜோடியின் கல்யாண ஆல்பம், ஒரு கைத்தடி. அந்தத் தடியை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரர் எப்படி நடந்து போனார் என்று அவள் பலநாள் யோசித்திருக்கிறாள். இந்தப் பொருள்களுக்கு ஒரு விதி இருந்தது. மற்ற அறிவிப்பு எதுவானாலும் மேனேஜர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். தவறவிட்ட பொருளுக்கு மட்டும் வேண்டாம். யார் எதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தாலும், அது எவ்வளவு அற்பமானாலும், மறுபேச்சில்லாமல் வாங்கி, எங்கே கிடைத்தது என்று கேட்டு, மூன்று முறை மைக்கில் சொல்லியாகவேண்டும். இந்த விதியைப் போட்டவர் மேனேஜரேதான். ஒருமுறை அவருடைய குடை காணாமல் போய், 'அற்பக் குடைதானே' என்று யாரோ அறிவிக்காமல் விட்டதால், அவர் மழையில் நனைந்து வீடு போய் ஜுரத்தில் படுத்தார். எழுந்ததும் முதல் வேலையாக விதி போட்டார். அதன்பிறகு மைக்கக்கா ஒற்றைக் காலுறையையும் மூன்று முறை அறிவித்திருக்கிறாள். ஒரு பல்செட்டையும் அறிவித்திருக்கிறாள். கிழவர் ஒருவர் படியேறி வந்து, அங்கேயே மாட்டிப் பார்த்து, "இது என்னது இல்லை, ஆனா நல்லா பொருந்துது" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழே மூன்றாவது கவுண்ட்டரில் இருந்தவளுக்கும் பெயர் மறந்து வருஷங்கள் ஆகின்றன. அவள் 'மூணாம் நம்பர்'. அவள் புருஷன் பதினேழாம் தட பஸ்ஸை ஓட்டுகிறவன், ஆகவே 'பதினேழு'. தங்கமான ஓட்டுநர் என்று பெயர். வண்டி அவன் கையில் இருக்கும்வரை ரோட்டில் ஒரு நாய்க்குக்கூட அடிபட்டதில்லை. பாதுகாப்பான ஓட்டுநர் என்று நிர்வாகமே கேடயம் கொடுத்திருக்கிறது. வீட்டில் அது அலமாரிமேல் இருந்தது. இரண்டு முறை கீழேயும் வந்திருக்கிறது. ஒருமுறை அவள் தோளில்.

மூணாம் நம்பர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வரும் நாள்களில் நிலையம் முழுவதும் ஒரே குரலில் நலம் விசாரிக்கும்.

"என்னம்மா, கண்ணு வலியா?"

"ஆமாண்ணே, கண்ணு வலி."

அவ்வளவுதான். கண்வலி என்று அதற்குப் பெயர் வைத்தவளே மைக்கக்காதான். முதல்முறை அந்தப் பெண் விழித்துக்கொண்டு நின்றபோது, பாவம், ஒரு வார்த்தை கொடுத்து உதவுவோமே என்று கொடுத்தாள். வார்த்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மேனேஜரும் இளகிய மனசுக்காரர். கண்வலி நாள்களில் அவளைக் கவுண்ட்டரிலிருந்து எடுத்து, பயணிகள் கண்ணில் படாத பின்னறையில் பழைய டிக்கெட்டுகளைக் கட்டிவைக்கிற வேலைக்கு அனுப்பினார். "ஜனங்க பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க இல்ல?" என்றார். எல்லாருடைய மனசும் நோகாமல் நிலையம் நடந்துகொண்டிருந்தது.

மூணாம் நம்பருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "எனக்குக் கண்வலி எப்ப வரும்னு நானே சொல்லிடுவேன்க்கா" என்பாள். "அவரு பஸ் லேட்டா வர்ற அன்னைக்கு எனக்கு வரும். நீங்க மைக்குல 'பதினேழு தாமதமாக வரும்'னு சொல்றீங்க பாருங்க, அப்பவே நான் கண்ணாடியைத் தேட ஆரம்பிச்சுடுவேன்."

மைக்கக்கா சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நடந்ததைக் கண்வலியில் சேர்க்க முடியவில்லை. பட்டப்பகல். மூணாம் நம்பர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வந்தான், வீட்டுச் சாவியைக் கேட்டான். கவுண்ட்டரில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றாள். இவ்வளவுதான் பேச்சு. அடுத்தது கைதான் பேசியது. அவள் வாய் குழாயில் மோதியது. ஓய்வறைத் திண்டில் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அந்த நிமிஷத்தில் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார்கள். மனப்பாடமான அட்டவணை. ஆனாலும் என்ன ஊன்றிப் படித்தார்கள்! மேலே கூண்டிலிருந்து மைக்கக்கா அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகத்தை முன்பக்கம் திருப்பி, மூன்றாம் நடைமேடைக்கு வரவேண்டிய பஸ் ஐந்தாம் நடைமேடைக்கு வரும் என்று தேன் தடவிச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மூணாம் நம்பர் தன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. மைக்கக்காவின் பஸ்ஸில் ஏறி, அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மேல்வரிசை முன்பல்லில் பாதி இல்லை.

"எங்கம்மா வர்ற?"

"உங்க வீட்டுக்குத்தான். துரத்திடுவீங்களா?" வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்தது.

துரத்தவில்லை. முன்னறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் குடிபோனார். முழுச் சத்தத்தில் வைத்தால்தான் அவருக்குக் கேட்கும், அந்தப் பெண் தூங்கவேண்டுமே என்ற கவலை.

மறுநாளே மூணாம் நம்பர் நிலையத்தை ஒட்டியிருந்த போலீஸ் சாவடிக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"புகாரை வாங்கிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இப்ப ஆளே இல்லை. எல்லாரையும் பேரணி பந்தோபஸ்துக்குப் போட்டாச்சு. அது முடியட்டும், வா."

"என்ன பேரணி சார்?"

"பெண்கள் மேல நடக்கிற வன்முறையை எதிர்த்து."

அந்தப் பேரணி வருஷா வருஷம் நடப்பது. நடத்துவது ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவியம்மா. பளிச்சென்ற பேச்சு, பளிச்சென்ற உடை, நிகழ்ச்சியில் எது நடந்தாலும் கைதட்டி வரவேற்கிற பெருந்தன்மை. பேரணி பஸ் நிலையத்திலிருந்துதான் புறப்படும். அங்கேதான் கூட்டம் தயாராக இருக்கும், பஸ் வரும்வரை யாரும் எழுந்து போகவும் முடியாது. முழக்கங்களை மைக்கக்காதான் சொல்லுவாள். அதற்காகத் தோளில் குறுக்கே ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள். பட்டையை அவள் வீட்டில் மடித்துவைத்திருந்தாள், பெருமையாகத்தான்.

முழக்கங்களை முடிவு செய்யக் குழு பல கூட்டங்கள் போட்டது. 'பெண்களை அடிக்காதே' என்று முதலில் எழுதினார்கள். 'அடிக்காதே' என்பது ஒருமையில் இருக்கிறது, மரியாதை இல்லை என்றார் ஒருவர். 'அடிக்காதீர்கள்' என்று மாற்றினார்கள். 'அடி' என்ற சொல்லே கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே, வருகிறவர்கள் எல்லாரும் அடிக்கிறவர்கள் என்கிற மாதிரி ஆகிவிடாதா என்று குழுவிலிருந்த மேனேஜர் கவலைப்பட்டார். கடைசியில் 'அன்பாய் இருப்போம்' என்று முடிந்தது. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடிக்கிறவர்களுக்கும் இல்லை.

பேனர் பிடிப்பதும் ஒரு பிரச்சினை. பெரிய பேனர், இரண்டு பக்கமும் கனமான கம்பு. போன வருஷம் பிடித்தவர்கள் கை தளர்ந்து, 'வன்முறை' மட்டும் தெரிய, 'எதிர்ப்போம்' மடிந்து தொங்கிவிட்டது. இந்த முறை ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். உயரம் வேண்டும், தோள் வேண்டும், கையில் பலம் வேண்டும். மேனேஜர் நிலையம் முழுவதும் கண்ணை ஓட்டிவிட்டு, பதினேழைக் கைகாட்டினார்.

"அவன் கையில குடுத்தா ஆடாது, அசையாது" என்றார்.

மூணாம் நம்பர் மைக்கக்கா வீட்டில் தங்கியிருக்கிற சங்கதி குழுவின் காதுக்குப் போனது. போகாமல் இருக்குமா? பதினேழு தினமும் வேலை முடிந்ததும் அந்தத் தெருமுனையில் வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தான். பேரணிக்கு முந்தின நாள் மேனேஜர் அறையில் டீயும் பிஸ்கட்டும் வைத்து எல்லாரையும் கூப்பிட்டார்கள். தலைவியம்மா, இன்ஸ்பெக்டர், பதினேழு, மூணாம் நம்பர். மைக்கக்காவையும் கூப்பிட்டார்கள், கதவோரமாக.

"இதோ பாரும்மா" என்றார் மேனேஜர், "நீ புகார் குடுத்தா இவனை வேலையை விட்டுத் தூக்குவாங்க. அவன் வேலை போனா யாருக்கு நஷ்டம்? உனக்குத்தானே?"

"தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பதினேழு தரையைப் பார்த்துக்கொண்டு, "கோபத்துல கை பட்டுடுச்சு சார்" என்றான். கை தானாகவே எங்கோ போய்ப் பட்டுவிட்டுத் திரும்பி வந்ததுபோல.

மூணாம் நம்பர் வாயைப் பொத்தியிருந்தாள். பல்லை மறைக்கத்தான். சம்மதத்தின் வெட்கம் என்று தலைவியம்மா எடுத்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது. "நாளைக்கு மேடையில ரெண்டு பேரும் சேர்ந்து பேனர் பிடிக்கணும்! ஒரு போட்டோ! பேரணி ஒரு குடும்பத்தையே சேர்த்து வெச்சுதுன்னா, அதைவிட என்ன வேணும்? சாயங்காலம் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்." தாமே கைதட்டினார்.

கையைப் பிடித்து. அந்தக் கையைத்தான்.

மைக்கக்கா சொல்லவேண்டிய வரிகளையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள். "நம் ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி, சிறு மனக்கசப்பை மறந்து..." என்று ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அவள் அதைச் சமையலறையில் சொல்லிப் பார்த்தாள். பழக்கதோஷம். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்றெல்லாம் பார்த்து, 'மனக்கசப்பை' என்ற இடத்தில் லேசாக ஒரு சிரிப்பைச் சேர்த்தாள். திரும்பினால் கதவில் மூணாம் நம்பர் நிற்கிறாள்.

"நல்லா வருதுக்கா" என்றாள் அவள். "கேட்டா எனக்கே அவரு கூடப் போகணும் போல இருக்கு."

மைக்கக்கா தாளை மடித்தாள். வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம். அதற்கப்புறம் ஓய்வூதியம். ஒருத்திக்காக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி அதை ஆற்றில் விடுவதா? இப்படியெல்லாம் நினைத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பேரணி நாளில் வெயில் நன்றாக ஒத்துழைத்தது. மேடைக்குத் தனியாக ஸ்பீக்கர் கொண்டுவருகிற வேலை எதற்கு என்று குழுவினர் மேடை மைக்கை நிலையத்து லைனிலேயே இணைத்திருந்தார்கள். கூண்டில் பேசினாலும் மேடையில் பேசினாலும் நடைமேடை, கவுண்ட்டர், கழிப்பறை வாசல், வெளித்தெரு வரை ஒரே சத்தம். பேனர் நிமிர்ந்து நின்றது. ஒரு கம்பைப் பதினேழு பிடித்திருந்தான். ஆடவில்லை, அசையவில்லை. இன்னொரு கம்பை மெலிந்த எழுத்தர் ஒருவர் கட்டிப்பிடித்திருந்தார். தலைவியம்மா பேசி முடித்து, கூண்டைப் பார்த்துக் கையசைத்தார். அடுத்தது மைக்கக்காவின் வரிகள்.

அப்போது இரும்புப் படிக்கட்டில் சத்தம். மூணாம் நம்பர் மேலே வந்து, மேஜைமேல் ஒரு சின்னத் துணிமுடிச்சை வைத்தாள்.

"அக்கா, தவறவிட்ட பொருள் ஒண்ணு. சேத்துக்குங்க."

முடிச்சை அவிழ்த்தாள். பாதிப் பல்.

"அடிப்பாவி, இது உன்னோடதுதானே?"

"என்னோடதுதான். ஆனா விட்டுட்டுப் போனது நான் இல்லையே? நிலையத்தைப் பெருக்குற அத்தை எடுத்து வெச்சிருந்தாங்க. இப்ப நான் கொண்டு வந்திருக்கேன். எங்க கிடைச்சுதுன்னு கேளுங்க. கேக்கணும்ல?"

மைக்கக்கா கேட்கவில்லை. எங்கே கிடைத்திருக்கும் என்று அவளைவிட நன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

"ஏன்டி, இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? எனக்கு என்ன ஆகும், உனக்கு என்ன ஆகும்?"

"சொல்லலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுட்டேன்க்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போகணும். இன்னும் பல்லு நிறைய இருக்கு."

கீழே தலைவியம்மா மறுபடி கையசைத்தார். மைக்கக்கா மின்விசிறியை நிறுத்தினாள். எழுதிக்கொடுத்த தாள் இடது கையில் இருந்தது. அதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்றது அந்தத் தேன்குரல். "தவறவிட்ட பொருள் அறிவிப்பு. ஓட்டுநர் ஓய்வறையின் பின்புறம், தண்ணீர்க் குழாயடியில், ஒரு முன்பல்லின் பாதி கண்டெடுக்கப்பட்டுள்ளது. மீதிப் பாதி உரியவரின் வாயிலேயே உள்ளது. இந்தப் பாதியை உடைத்தவர், தகுந்த அடையாளத்துடன் அறிவிப்பு அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். நன்றி."

நடைமேடைகளில் சிரிப்பு. பல்செட்டுக்கும் இப்படித்தான் சிரித்தார்கள். தலைவியம்மா கைதட்டினார். நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே தட்டினார். ஓய்வறை ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் கண் நேர அட்டவணையைத் தேடியது. அது பின்பக்கச் சுவரில் இருந்தது, இங்கே படிக்க ஒன்றும் இல்லை. ஆகவே ஒவ்வொருவராகப் பதினேழைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பயணிகளும் பார்த்தார்கள்.

அவனால் எங்கும் போக முடியவில்லை. கம்பு கையில் இருந்தது.

மைக்கக்கா பெண்ணைப் பார்த்தாள். "ஆளைச் சொல்லட்டுமா?"

மூணாம் நம்பர் தலையை ஆட்டினாள். பிறகு, ஆட்டினது போதாதோ என்று, "சொல்லுங்க" என்று வாயைப் பொத்தாமல் சொன்னாள்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. இரண்டாவது அறிவிப்பு. பதினேழாம் தட ஓட்டுநர், தாம் உடைத்துவிட்டுப்போன பாதிப் பல்லைப் பெற்றுக்கொள்ள அறிவிப்பு அறைக்கு வரவும். பல்லுக்கு உரியவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் இன்று மேடைக்கும் வரமாட்டார், ஓட்டுநருடன் வீட்டுக்கும் போகமாட்டார்."

பதினேழு அப்போது ஒரு தப்பு செய்தான். பேசாமல் நின்றிருந்தால் மேனேஜரும் குழுவும் எப்படியாவது பூசி மெழுகியிருப்பார்கள். அவன் கம்பைப் போட்டுவிட்டு மேடை மைக்குக்குப் பக்கத்தில் பாய்ந்து, கூண்டைப் பார்த்துக் கத்தினான். "இறங்கி வாடி கீழே! குழாயடியில வாங்கினது பத்தலையா உனக்கு?"

வீட்டுக்குள் நாலு சுவருக்கு மட்டும் கேட்ட வசனம். ஒரே லைன் ஆயிற்றே? நடைமேடைக்கும் கவுண்ட்டருக்கும் கழிப்பறை வாசலுக்கும் வெளித்தெருவுக்கும் தெள்ளத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் பிடிமானம் போன பேனர், 'அன்பாய் இருப்போம்' சகிதம் முன்வரிசைப் பிரமுகர்கள் தலையில் மெல்லப் போர்த்தியது. உள்ளேயிருந்து தலைவியம்மாவின் குரல் "லைட்டைப் போடுங்க" என்றது.

மேனேஜர் இரைக்க இரைக்கப் படியேறி வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மைக்கக்கா? யாரைக் கேட்டு அறிவிச்சீங்க?"

"தவறவிட்ட பொருளுக்கு யாரையும் கேக்க வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எவ்வளவு அற்பமானாலும்னு..."

அவருக்குக் குடை ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஏதாவது ஒரு தப்பு இருக்கும், இருந்தே ஆகவேண்டும் என்று மேஜைமேல் பல்லைக் குனிந்து பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்.

"அது சரி! பொருளோட நிறம், அளவு சொன்னீங்களா? நிறமும் அளவும் சொல்லாம ஓர் அறிவிப்பா? பொறுப்பு வேண்டாம்?"

"மன்னிச்சுக்குங்க சார். இப்பவே சொல்லிடறேன்" என்று மைக்கக்கா பொத்தானை அழுத்தினாள். "மூன்றாவது மற்றும் இறுதி அறிவிப்பு. நிலைய மேலாளரின் அறிவுறுத்தலின்படி கூடுதல் விவரம். பல்லின் நிறம், வெள்ளை. ஓரத்தில் காய்ந்த ரத்தம், பழுப்பு. அளவு, சுண்டுவிரல் நகத்தில் பாதி."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கீழே பயணிகளில் ஒரு பெண், பையைத் தோளில் மாட்டியபடியே, இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள். "சார், அந்த ஆளே மைக்குல ஒத்துக்கிட்டானே, நீங்க என்ன பண்ணப் போறீங்க?" பின்னால் இன்னும் பலர் சேர்ந்தார்கள். இவ்வளவு வருஷமாகக் குழு ஏங்கிய மக்கள் பங்கேற்பு அன்றைக்குத்தான் கிடைத்தது. ஏனோ குழுவுக்கு அது பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லை என்று இந்த முறை சொல்லமுடியாது. பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக, சும்மா, அவர் கண்முன்னே நின்றுகொண்டிருந்தார்கள். பதினேழைச் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். மூணாம் நம்பர் போய்ப் புகார் கொடுத்தாள். ஒவ்வொரு 'ச'வுக்கும் விசில் அடிக்க, எழுதுகிற போலீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பல்லைப் பார்க்க, நீளமான புகார்.

அவள் திரும்பி வந்தபோது படிக்கட்டில் பெருக்குகிற அத்தை, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை?" என்று மைக்கக்கா கேட்டாள்.

"இல்ல, என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றாள் அவள், கேட்காத இடது காதில் கையை வைத்துக்கொண்டு. "ஆனா ரொம்ப நாள் ஆயிடுச்சு. பழசெல்லாம் வாங்குவீங்களா?"

மைக்கக்கா மூலையிலிருந்த ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

பேரணி மாபெரும் வெற்றி என்று குழு அறிவித்தது. அடுத்த வருஷத்திலிருந்து பூங்காவில் நடத்துவது என்றும் முடிவு செய்தது. காற்றோட்டமான இடம், முக்கியமாக ஒலிபெருக்கி கிடையாது. மைக்கக்காவின் பட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவள் அதை இரண்டாக மடித்து, மேஜையின் ஆடுகிற காலுக்கு அண்டக்கொடுத்தாள். மேனேஜர், "உங்க மேல நடவடிக்கை வரும்" என்று மட்டும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பதினேழாம் தட பஸ் மாதிரித்தான், வரும் வரும் என்பார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் கூண்டில் இருந்தது இரண்டு பேர். பல்லைப் பீரோவில், ஒற்றைச் செருப்புக்கும் கைத்தடிக்கும் நடுவில் வைத்துப் பூட்டியாயிற்று. கீழே பதினேழுக்காகக் காத்திருந்த கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது.

"மாத்து ஓட்டுநர் யாரும் இல்லையாம்" என்று மைக்கக்கா மின்விசிறியை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நான் சொல்லட்டுமாக்கா?"

மைக்கக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நாற்காலியை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. எழுந்து நின்றாள். "மைக்கை விழுங்கிடாதே. கொஞ்சம் தள்ளியே பேசு. குரலை இறக்கி."

மூணாம் நம்பர் குரலை இறக்கவில்லை. "பதினேழாம் தட பஸ் சேவை இன்னைக்கு இல்லை" என்றாள். இரண்டு விசில், நிலையம் முழுக்க, வெளித்தெருவரை.

நடைமேடையிலிருந்து ஒருவர், கையில் பையும் முகத்தில் எரிச்சலுமாக, அண்ணாந்து கத்தினார். "இன்னைக்கு இல்லைன்னா எப்பதாம்மா வரும்?"

அவள் மைக்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மைக்கக்காவுக்கு இந்த இடத்துக்கான பதில் தலைகீழ்ப் பாடம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம், சற்றுப் பொறுத்திருக்கவும்.' சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பெண் பொத்தானை அழுத்திவிட்டாள். "தெரியாது சார்" என்றாள். "நானும் இனிமே அதுக்குக் காத்திருக்கப் போறதில்லை. நீங்க வேற பஸ்ஸைப் பாருங்க."